நிலைத்தலும் வருதலும்: கிறித்தவ இறையியலில் இறைவனின் நித்தியமும் தமிழ் விவிலியச் சொற்களும்

1. முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் இறைவனைக் குறிக்கும் பெயர்களைப் பற்றிப் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. சருவேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று வரிசையாக வந்த அப்பெயர்களுள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் சமயச் சூழலையும் மொழிபெயர்ப்பாளரின் கொள்கையையும் காட்டி நிற்கிறது. இறைவனின் நித்தியத்தைக் குறிக்கும் சொற்களும் அதே கவனத்துக்கு உரியன. அநாதி, சதாகாலம், நித்தியம், என்றென்றைக்கும், நிலைவாழ்வு ஆகியன ஒரே பொருளைச் சுட்டும் மாற்றுச் சொற்கள் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றன. உண்மையில் ஒவ்வொன்றும் காலத்தைப் பற்றி வெவ்வேறு செய்தியைச் சொல்கிறது.

கிறித்தவ இறையியலில் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. இறைவன் காலத்துக்கு முற்றிலும் அப்பாற்பட்டவரா, அல்லது தொடக்கமும் முடிவும் இன்றி எல்லாக் காலத்திலும் இருப்பவரா என்பதே அவ்வழக்கு. முதற்கொள்கையைக் காலமின்மைக் கொள்கை என்றும் இரண்டாவதை முடிவிலாக் காலக் கொள்கை என்றும் இங்குக் குறிப்பது வசதியாக இருக்கும். இரு கொள்கைகளையும் மதிப்பிட்டு, தமிழ் விவிலியச் சொற்கள் அவ்வழக்கில் எப்பக்கம் சாய்கின்றன, எதை மறைக்கின்றன, எதைத் தெளிவாக்குகின்றன என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். 1871-இல் போவர் குழுவினரின் உழைப்பால் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்து சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கும் நூல் இங்குப் பழைய பதிப்பு எனவும், 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு எனவும் குறிக்கப்பெறும்.

2. மூலமொழிச் சொற்களும் அவற்றின் எல்லையும்

எபிரேயத்தின் ஓலாம் என்னும் சொல் கண்ணுக்கு எட்டாத நெடுங்காலத்தைக் குறிப்பது. பின்னோக்கினால் அது நினைவுக்கு எட்டாத பழமை. முன்னோக்கினால் எல்லை காணமுடியாத எதிர்காலம். காலமே இல்லாத நிலை என்னும் தத்துவப் பொருள் அதற்கு இயல்பாக உரியதன்று. தொடக்கநூல் 21:33-இல் ஆபிரகாம் தொழுத இறைவனுக்கும் எசாயா 40:28-இல் சோர்வறியாத இறைவனுக்கும் மூலத்தில் இந்த ஒரே சொல்லே அடைமொழியாக வருகிறது. பழைய பதிப்பு முன்னதைச் சதாகாலமும் உள்ளவர் என்றும் பின்னதை அநாதி தேவன் என்றும் பெயர்த்துள்ளது. இணைச்சட்டம் 33:27-இல் மூலச்சொல் கெதெம், அதாவது தொன்மை. அங்கும் தமிழில் அநாதியே இடம்பெறுகிறது. எசாயா 57:15-இல் வரும் ஆத் என்னும் மற்றொரு சொல் நித்தியம் ஆகிறது. திருப்பாடல் 90:2-இல் ஓலாம் இருமுறை வரும்போது, முதல் ஓலாம் அநாதி எனவும் இரண்டாவது என்றென்றைக்கும் எனவும் பிரிந்து நிற்கிறது.

இப்பிரிவினை தற்செயலானதன்று. எபிரேயம் ஒரே சொல்லால் இருதிசையும் நோக்க, தமிழ் இறந்த காலத் திசைக்கு ஒரு சொல்லும் எதிர்காலத் திசைக்கு வேறொரு சொல்லும் தேடியுள்ளது. இதனால் தமிழ் வாசகருக்கு இறைவனின் நித்தியம் இரு கைகளை விரித்தாற்போன்ற ஒரு நீட்சியாகத் தோன்றுகிறது. நடுவில் நிற்பது இக்கணம், பின்னால் அநாதி, முன்னால் என்றென்றைக்கும்.

கிரேக்கச் சொல்லான அயோன் இதைவிடச் சிக்கலானது. அது வாழ்நாள், ஊழி, யுகம், நித்தியம் ஆகிய பொருள்களைத் தழுவி வருவது. புதிய ஏற்பாட்டில் நிகழும் அயோன், வரவிருக்கும் அயோன் என்னும் இணை அடிக்கடி பயில்கிறது. இச்சொல்லுக்கு மிக அண்மையில் நிற்கும் தமிழ்ச்சொல் ஊழி. ஆயினும் மொழிபெயர்ப்பாளர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய பதிப்பில் மத்தேயு 12:32-இன் இரு அயோன்களும் இம்மை, மறுமை ஆயின. உரோமையர் 12:2-இலும் கலாத்தியர் 1:4-இலும் அச்சொல் பிரபஞ்சம் ஆயிற்று. எபிரேயர் 1:2-இல் மகன் வழியாக இறைவன் ஆக்கிய அயோன்கள் உலகங்கள் ஆயின. காலச்சொல் ஒன்று ஓரிடத்தில் வாழ்வின் நிலையாகவும் மற்றோரிடத்தில் இடமாகவும் மாறியுள்ளது. மறுமை என்னும் சொல்லுக்குத் தமிழ் மரபில் மறுபிறப்பு என்னும் பொருளும் உண்டு என்பதால், வரவிருக்கும் யுகம் என்னும் வரலாற்று எதிர்நோக்கு தனிமனிதரின் அடுத்த பிறவி என்னும் எண்ணத்தின் அருகே சென்று நிற்க நேர்ந்தது. நித்திய வாழ்வு என்பது அயோனுக்குரிய வாழ்வு, வரும் யுகத்தின் வாழ்வு, என்னும் சொல்லுறவும் தமிழில் அறுபட்டுவிட்டது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. ஆஸ்கார் குல்மன் 1946-இல் வெளியிட்ட ‘கிறிஸ்துவும் காலமும்’ என்னும் நூலில், புதிய ஏற்பாடு நித்தியத்தை முடிவற்ற காலமாகவே காண்கிறது என்றும், காலமின்மை கிரேக்கத் தத்துவத்தின் இறக்குமதி என்றும் வாதிட்டார். அதற்கு அவர் பெரிதும் சொற்களையே சான்றாக்கினார். 1962-இல் ஜேம்ஸ் பார் காலத்தைக் குறிக்கும் விவிலியச் சொற்களை ஆராய்ந்து, அகராதியிலிருந்து இறையியலைக் கறந்தெடுக்க முடியாது என நிறுவினார். ஒரு சொல்லின் பொருள் அது நிற்கும் தொடரில் உருவாகிறது. ஒரு மொழியின் சொற்றொகுதி அம்மொழியினரின் காலக் கொள்கையை அப்படியே காட்டிவிடாது. பாரின் திறனாய்வு குல்மனுக்கு மட்டுமன்றித் தமிழ்ச் சொற்களை ஆராய்வோருக்கும் பொருந்தும். கடவுள் என்னும் சொல்லைக் கடந்தும் உள்ளும் இருப்பவர் எனப் பிரித்துக் காட்டுவது மேடையில் சுவைக்கும். கோட்பாட்டுக்கு அது சான்றாகாது. சொற்கள் கோட்பாட்டை நிறுவுவதில்லை. எனினும் எந்தக் கோட்பாடு வாசகர் மனத்தில் எளிதில் குடியேறும், எது வாசலிலேயே தயங்கும் என்பதை அவை தீர்மானிக்கின்றன.

3. அகுஸ்தீனாரும் போயத்தியுசும்

காலமின்மைக் கொள்கையின் வேர் பிளேட்டோவின் ‘திமேயு’ உரையாடலிலும் புளோட்டினசின் கட்டுரைகளிலும் உள்ளது. அதைக் கிறித்தவப் படைப்புக் கோட்பாட்டோடு இணைத்தவர் அகுஸ்தீனார். ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலின் பதினோராம் பகுதியில் அவர் எடுத்துக்கொள்ளும் வினா எளியது: விண்ணையும் மண்ணையும் படைப்பதற்கு முன் இறைவன் என்ன செய்துகொண்டிருந்தார்? இத்தகைய வினா எழுப்புவோருக்காக நரகத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார் என வழங்கிய நகைச்சுவை விடையை அவர் ஏற்கவில்லை. காலமும் படைக்கப்பட்டதே, ஆகவே படைப்புக்கு முன் ‘முன்’ என ஒன்று இல்லை என்பது அவருடைய விடை. உலகம் காலத்தினுள் படைக்கப்படவில்லை, காலத்தோடு படைக்கப்பட்டது.

தமிழ்ச் சிந்தனை மரபுக்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. சைவ சித்தாந்தம் கூறும் முப்பத்தாறு தத்துவங்களுள் காலமும் ஒன்று. அது வித்தியா தத்துவங்கள் ஏழனுள் அடங்கி, அசுத்த மாயையிலிருந்து தோன்றுவது. இறைவன் தத்துவங்கள் அனைத்தையும் கடந்தவன். காலம் தோன்றிய ஒரு பொருள், இறைவன் அதற்கு உட்பட்டவன் அல்லன் என்ற அளவில் அகுஸ்தீனாரும் சித்தாந்தமும் உடன்படுகின்றனர். வேறுபாடு காலம் எதிலிருந்து தோன்றியது என்பதில் உள்ளது. சித்தாந்தத்தில் காலத்துக்கு முதற்காரணமாக மாயை என்றும் உள்ளது. அகுஸ்தீனாருக்கு இறைவனைத் தவிர வேறெதுவும் என்றும் உள்ளதன்று. அநாதி என்னும் சொல் இரு மரபுகளிலும் ஒன்றுபோல் இயங்க முடியாமைக்கு இதுவே காரணம்.

காலமின்மைக் கொள்கைக்கு முழு வடிவம் கொடுத்தவர் போயத்தியுசு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது அவர் எழுதிய ‘தத்துவத்தின் ஆறுதல்’ நூலின் இறுதிப் பகுதியில் அவ்வரையறை வருகிறது. முடிவற்ற வாழ்வை முழுமையாகவும் ஒருசேரவும் நிறைவாகவும் கொண்டிருத்தலே நித்தியம் என்பது அதன் சாரம். சிறையில் இருந்தவருக்கு இது ஓய்வுநேர ஆராய்ச்சியாக அமைந்ததன்று. நடக்கப்போவதை இறைவன் முன்னரே அறிவார் எனில், மனிதரின் தேர்வுக்கும் வேண்டுதலுக்கும் என்ன பொருள் என்பதே அவரை வருத்திய வினா. இறைவன் எதையும் ‘முன்னர்’ அறிவதில்லை. எல்லாவற்றையும் நிகழ்வதாகவே காண்கிறார். நடந்துசெல்பவரைப் பார்ப்பது அவரை நடக்கக் கட்டாயப்படுத்துவதில்லை என்பது அவர் கண்ட தீர்வு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதையே உயரமான இடத்திலிருந்து பாதை முழுவதையும் ஒரே பார்வையில் காண்பவரின் உவமையால் விளக்கினார்; வட்டத்தின் நடுப்புள்ளி சுற்றுக்கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் நேராக இருப்பதையும் எடுத்துக்காட்டினார்.

இவ்வரையறையில் உள்ள சொற்களின் வரிசை கருதத்தக்கது. முதன்மைச் சொல் வாழ்வு, அடுத்தது கொண்டிருத்தல், ஒருசேர என்பது அக்கொண்டிருத்தலின் தன்மையைச் சொல்லும் அடை. மனிதர் தம் வாழ்வை முழுமையாகக் கொண்டிருப்பதில்லை. நேற்றையது கையைவிட்டுப் போய்விட்டது. நாளையது இன்னும் கைக்கு வரவில்லை. இறைவனுக்கு அவ்விழப்பும் இல்லை, அக்குறையும் இல்லை என்பதே போயத்தியுசு சொல்ல வந்தது. பிற்கால விவாதம் இவ்வரையறையிலிருந்து ஒருசேர என்னும் அடையை மட்டும் பிரித்தெடுத்து, வாழ்வு என்னும் பெயரைப் பின்தள்ளிவிட்டது.

4. இருபதாம் நூற்றாண்டின் மறுப்புகள்

அடையை மட்டும் எடுத்துக்கொண்டால் எழும் சிக்கலை 1969-இல் ஆந்தனி கென்னி கூர்மையாகக் காட்டினார். இன்று நிகழும் ஒரு செயல் நித்தியத்தோடு ஒருசேர உள்ளது, கி.பி. 64-இல் உரோம் எரிந்ததும் அதே நித்தியத்தோடு ஒருசேர உள்ளது. எனவே இன்றைய செயலும் உரோம் எரிந்ததும் ஒருசேர நிகழ்கின்றன என்றாகும். இது பொருந்தாக் கூற்று. 1981-இல் எலியனோர் ஸ்டம்ப், நார்மன் கிரெட்ஸ்மன் ஆகியோர் இதற்கு விடையளித்தனர். காலத்தில் உள்ள இரு நிகழ்ச்சிகளுக்கு இடையேயான ஒருசேர்வு ஒருவகை. காலத்தில் உள்ளதற்கும் நித்தியத்துக்கும் இடையேயான ஒருசேர்வு மற்றொரு வகை. பின்னது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிச் செல்வதில்லை என்பது அவர்தம் வாதம். இவ்விடை முரண்பாட்டை விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டாம் வகை உறவு எத்தகையது என்று கேட்டால், முரண்பாடு வராதவாறு அமைந்த உறவு என்பதற்கு மேல் அதிகம் கிடைப்பதில்லை.

இரண்டாம் மறுப்பு அறிவைப் பற்றியது. ஒரு நிகழ்ச்சி எந்நாளில் நிகழ்கிறது என்பதை அறிவது வேறு. அது ‘இப்போது’ நிகழ்கிறது என அறிவது வேறு. காலத்துக்கு வெளியே உள்ளவர் நாட்காட்டி முழுவதையும் அறியலாம். இன்று எந்நாள் என அறிவாரா? ஆர்தர் பிரையர் 1962-இல் எழுப்பிய இவ்வினா, வேண்டுதல் செய்யும் எவருக்கும் நேரடியாக உரியது. இப்போது வரும் துன்பத்தில் இப்போது உதவுமாறு வேண்டுவோர், அந்த ‘இப்போது’ கேட்கப்படுகிறது என நம்பியே வேண்டுகின்றனர். நிக்கோலாஸ் வோல்டர்ஸ்டார்ஃப் 1975-இல் இதே திசையில் சென்று, விவிலியம் காட்டும் இறைவன் செயல்படுபவர், மறுமொழி தருபவர். மறுமொழி என்பது ஒன்றன்பின் வருவது. ஆகவே அவர் முடிவிலாக் காலத்தவர் என வாதிட்டார்.

முடிவிலாக் காலக் கொள்கையும் குறையற்றதன்று. இறைவனுக்கும் நேற்று கடந்துபோயிற்று என்றால், அவரும் தம் வாழ்வின் ஒரு பகுதியை நினைவில் மட்டுமே வைத்திருக்கிறார் என்றாகும். நினைவு எவ்வளவு பிழையற்றதாயினும், நினைவில் உள்ளவர் எதிரில் உள்ளவர் ஆகார். இறந்தோர் அனைவரும் இறைவனுக்கு உயிருள்ளோரே என்னும் லூக்கா 20:38-இன் கூற்று அப்போது வலிவிழக்கும். இறந்தோரை நினைத்து வேண்டும் சமூகத்துக்கு இது சிறிய இழப்பன்று.

கார்ல் பார்ட் தம் ‘திருச்சபைக் கோட்பாட்டியல்’ பெருநூலில் இரு கொள்கைகளுக்கும் இடையே வழி தேடினார். இறைவனின் நித்தியம் காலத்துக்கு முன்னும் மேலும் பின்னும் உள்ளது. காலத்தை மறுப்பதாக அமையாமல் அதைத் தாங்குவதாகவும் சூழ்வதாகவும் அமைகிறது என்றார். மெய்யியல் நுட்பத்தில் இது ஸ்டம்ப், கிரெட்ஸ்மன் ஆகியோரின் விளக்கத்துக்கு ஈடாகாது. ஆயினும் நித்தியத்தைக் காலத்தின் எதிர்ச்சொல்லாக ஆக்கிவிடாமல் காத்த சிறப்பு அதற்கு உண்டு.

5. தமிழ்ச் சொற்களின் மதிப்பீடு

மேற்கண்ட விவாதத்திலிருந்து ஒரு நித்தியச் சொல்லுக்கு மூன்று சோதனைகளை வகுக்கலாம். இறைவனுக்குத் தொடக்கமும் முடிவும் இல்லை என அது சொல்கிறதா? அவருடைய வாழ்வில் இழப்பும் குறையும் இல்லை என உணர்த்துகிறதா? காலத்தில் வாழ்வோரோடு அவர் கொள்ளும் உறவுக்கு இடம் தருகிறதா?

அநாதி முதற்சோதனையில் பாதியே தேறுகிறது. அது தொடக்கத்தை மட்டும் மறுக்கிறது. மேலும் சைவ சித்தாந்தத்தில் பதியோடு பசுவும் பாசமும் அநாதியே. உயிருக்குத் தொடக்கம் உண்டு எனக் கொள்ளும் கிறித்தவம், இறைவனுக்கு மட்டும் உரிய அடைமொழியாக அச்சொல்லை எடுத்தாண்டபோது, தமிழ் வாசகர் அறிந்த பொருளிலிருந்து அதைச் சுருக்க வேண்டியிருந்தது. இராபர்ட் தெ நொபிலி மறுபிறப்புக் கொள்கையை மறுத்து ‘புனர்சென்ம ஆட்சேபம்’ இயற்றிய சூழலில், உயிர் அநாதியா என்பது சொல்லாராய்ச்சியாக நில்லாமல் இரு சமயங்கள் பிரியும் இடமாகவே இருந்தது.

சதாகாலம் இரண்டாம் கொள்கையின் பக்கம் வெளிப்படையாகச் சாய்கிறது. காலம் என்னும் சொல் அதனுள்ளேயே உள்ளது. ஓலாமுக்கு இது நெருக்கமான பெயர்ப்பு. போயத்தியுசுக்கு மிகத் தொலைவானது.

நித்தியம் மிகவும் பரவலான சொல். அதன் சிறப்பும் இடரும் ஒரே இடத்தில் உள்ளன. தமிழில் அது அழிவின்மையை மட்டுமன்றி அன்றாடத்தையும் குறிக்கிறது. கோயில்களில் நித்திய பூசை நாள்தோறும் நடப்பது. நித்தம் என்பது தினமும் என்றே பொருள்படும். ஆகவே நித்தியமானவர் எனும்போது, என்றும் அழியாதவர் என்பதோடு ஒவ்வொரு நாளும் உள்ளவர் என்னும் நிழலும் படிகிறது. மூன்றாம் சோதனையில், இறைவனின் அன்றாட உறவை உணர்த்துவதில், வேறெந்தச் சொல்லும் இதற்கு ஈடில்லை. ஆனால் இரண்டாம் சோதனையில் இது மௌனமாகிறது. நாள்தோறும் இருப்பவர் நாட்களை இழக்கிறாரா என்பதற்கு நித்தியம் விடை சொல்வதில்லை.

காலங்கடந்தவர் என்னும் வழக்கு காலமின்மைக் கொள்கையை நேரே மொழிகிறது. எனினும் கடந்த காலம் என்றால் தமிழில் போய்விட்ட காலம். கடத்தல் மேற்செல்லுதலையும் விட்டுச்செல்லுதலையும் ஒருசேரக் குறிக்கும். இறைவன் காலத்தை விட்டுச் சென்றவராகத் தோன்றும் அபாயம் இதில் உண்டு. மூன்றாம் சோதனையில் இது தோற்கிறது.

பொது மொழிபெயர்ப்பு நித்திய ஜீவனுக்கு மாற்றாகத் தந்த நிலைவாழ்வு தனிக் கவனத்துக்குரியது. நில் என்னும் வினையடி இதன் வேர். இடைக்கால இலத்தீன் இறையியல் நித்தியத்தை நிற்கும் இக்கணம் என்றும் காலத்தை ஓடும் இக்கணம் என்றும் வேறுபடுத்தியது. திருக்குறளின் முப்பத்து நான்காம் அதிகாரம் நிலையாமை. செல்வமும் உடலும் நில்லாதவை என்பதைத் தமிழ் மரபு இச்சொல்லால்தான் நெஞ்சில் பதித்தது. நிலைவாழ்வு என்னும் சொல் அந்நிலையாமைக்கு விடையாகவே தமிழ்ச் செவியில் ஒலிக்கிறது. மேலும் வாழ்வு என்னும் பெயர் இதில் தலைமையிடம் பெற்றுள்ளது. போயத்தியுசின் வரையறையில் பிற்காலத்தார் பின்தள்ளிய சொல் அதுவே. முதலிரு சோதனைகளிலும் நிலைவாழ்வு தேறுகிறது. மூன்றாவதில் ஐயம் எஞ்சுகிறது. நிற்பது அசைவற்றதாகத் தோன்றலாம். அசைவற்றது கேட்குமா, மறுமொழி தருமா?

6. காலங்காட்டும் வினைகள்

பெயர்ச்சொற்கள் தராத விடையை வினைகளில் தேடலாம். தொல்காப்பிய வினையியல், மூன்று காலத்திலும் ஒரு தன்மையதாய் இருக்கும் பொருளை நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லால் கூறுமாறு விதிக்கிறது; நன்னூலும் இவ்விதியைத் தழுவுகிறது. மலை நிற்கும், ஞாயிறு இயங்கும் என்பன உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டுகள். யோவான் 8:58-இல் ஆபிரகாமுக்கு முன்பே உள்ளவர் தம்மை நிகழ்கால வினையால் குறிப்பதைத் தமிழ் மாற்றாமல் காத்துள்ளது. உண்டாதல் ஆபிரகாமுக்கும் இருத்தல் கிறிஸ்துவுக்கும் எனப் பிரிந்து நிற்பதும் மூலத்துக்கு ஒத்ததே.

இந்நிகழ்காலத்தைக் காலமின்மைக்குச் சான்றாக்குவது எளிது; ஆனால் இலக்கணம் அதற்கு இடம் தரவில்லை. நிற்கும் மலைக்கும் இயங்கும் ஞாயிற்றுக்கும் விதி ஒன்றே. மூன்று காலத்திலும் மாறாமல் தொடர்வதற்குரிய வடிவம் அது. காலமே இல்லாததற்கு உரியதன்று. அதே வேளையில் முடிவிலாக் காலக் கொள்கைக்கும் அது முழுச் சான்றாகாது. இருக்கிறவர் என்னும் வினையாலணையும் பெயர் இரு கொள்கைகளுக்கும் பொதுவான தளத்தில் நிற்கிறது. பாரின் எச்சரிக்கை இங்கு மீண்டும் பொருந்துகிறது.

திருவெளிப்பாடு 1:8 வேறொரு திசையைக் காட்டுகிறது. இறைவன் அங்கு இருக்கிறவர், இருந்தவர் என அழைக்கப்பட்ட பின், இருப்பவர் என எதிர்காலத்தால் முடிப்பதற்கு மாறாக வருகிறவர் என அழைக்கப்படுகிறார். கிரேக்கமும் அப்படியே, தமிழும் அதைக் காத்தது. எதிர்காலம் இறைவன் நீண்டு செல்லும் வெளியாகக் கூறப்படவில்லை. அவர் எதிரே வரும் திசையாகக் கூறப்பட்டது.

அதே நூலின் 10:6-இல், இனிக் காலம் இருக்காது என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கத்தக்க கிரேக்கத் தொடர் வருகிறது. காலமே ஒழியும் எனப் பலர் அதற்குப் பொருள் கண்டனர். இனித் தாமதம் இல்லை என்பதே அதன் பொருள் எனக் குல்மனும் பிறரும் விளக்கினர். பழைய பதிப்பு அங்குச் செல்லுதல் என்னும் வினையின் எதிர்மறையைக் காலத்தோடு சேர்த்தது. ஒரு வேலைக்குக் காலம் செல்லும் என்றால் தாமதமாகும் என்பது தமிழ் வழக்கு. ஆகவே தமிழ்த்தொடர் இரு பொருளுக்கும் இடம் விட்டும், தாமதமின்மை என்னும் பொருளை வழக்காற்றிலேயே தாங்கியும் நிற்கிறது. இது மொழிபெயர்ப்பின் நற்பேறுகளுள் ஒன்று.

7. நிலைத்தல் மட்டும் போதுமா?

நிலைவாழ்வுக்கு எதிராக எழும் மிகக் கடினமான வினா பிரையரின் 1959ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து பிறக்கிறது. வலி தீர்ந்தவர் ‘அப்பாடா, முடிந்தது’ என்று பெருமூச்சு விடுகிறார். அப்பெருமூச்சு ஒரு நாளையும் நேரத்தையும் பற்றியதாக மட்டும் இருக்க முடியாது. அந்த வலி இப்போது இல்லை என்பதே அதன் பொருள். எல்லாம் இறைவனுக்கு ஒருசேர நிகழ்வது எனில், அவருக்கு எதுவும் முடிந்துபோவதில்லை. வதைமுகாமும் பஞ்சமும் போரும் அவர்முன் என்றும் நிகழ்ந்துகொண்டே இருக்கும். நன்மை எதையும் இழக்காத நித்தியம், தீமை எதையும் முடியவிடாத நித்தியமாகவும் ஆகிவிடும். ஆனால் திருவெளிப்பாடு 21:4 முந்தியவை ஒழிந்தன என்று அறிவிக்கிறது. கண்ணீர் துடைக்கப்படும் என்னும் வாக்குறுதி அந்த ஒழிதலையே நம்பி நிற்கிறது.

ஆகவே கிறித்தவ நம்பிக்கைக்கு இரண்டும் வேண்டும். அன்புக்குரிய எதுவும் இறைவனிடம் அழியாமல் நிலைத்தல் ஒன்று. துன்பம் அவருக்கும் உண்மையிலேயே முடிந்துபோதல் மற்றொன்று. காலமின்மைக் கொள்கை முதலதைக் காத்து இரண்டாவதை இழக்கிறது. முடிவிலாக் காலக் கொள்கை இரண்டாவதைக் காத்து முதலதை நலிவிக்கிறது. போயத்தியுசின் வரையறையை வாழ்வு என்னும் சொல்லிலிருந்து படித்தால் இவ்விடர் சற்றே நெகிழ்கிறது. வாழ்வை முழுமையாகக் கொண்டிருத்தல் என்பது நிகழ்ச்சிகள் அனைத்தையும் ஒரே தளத்தில் அடுக்கி வைத்திருப்பதாகாது. நலிந்ததை நலமாக்கி, முடிக்க வேண்டியதை முடித்து, காக்க வேண்டியதைக் காப்பதும் வாழ்வின் முழுமையே. இது முழுத் தீர்வன்று. தீர்வு எத்திசையில் தேடப்பட வேண்டும் என்பதைக் காட்டும் அளவில் இதற்குப் பயன் உண்டு.

8. முடிவுரை

தமிழ் விவிலியச் சொற்கள் காலமின்மை, முடிவிலாக் காலம் என்னும் வழக்கைத் தீர்த்து வைக்கவில்லை. மூலநூல்களும் தீர்த்து வைக்கவில்லை என்பதால் அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. அயோனை இம்மை, மறுமை, பிரபஞ்சம், உலகம் எனச் சிதறவிட்டதால், நித்திய வாழ்வு வரவிருக்கும் யுகத்தோடு கொண்ட உறவு மறைந்தது. ஊழி என்னும் பழந்தமிழ்ச் சொல் இனிவரும் மொழிபெயர்ப்புகளில் பரிசீலிக்கப்படத் தக்கது. அநாதி சித்தாந்தப் பொருளையும் கிறித்தவப் பொருளையும் வேறுபடுத்தும் விளக்கக் குறிப்போடு வழங்கப்பட வேண்டும்.

நித்தியமும் நிலைவாழ்வும் போட்டிச் சொற்களாக ஆளப்பட வேண்டியதில்லை. தமிழகத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ள திருச்சபைகளுள் ஒரு பகுதி முன்னதையும் மற்றொரு பகுதி பின்னதையும் தம் அடையாளமாகக் கொண்டுள்ளன. நாள்தோறும் உள்ளவர் என்னும் செய்தியை நித்தியமும், இழப்பற்ற வாழ்வு என்னும் செய்தியை நிலையும் தாங்குகின்றன. இவ்விரண்டும் சொல்லாமல் விடுவதை வருகிறவர் என்னும் வினையாலணையும் பெயர் சொல்கிறது. நிற்கும் மலையையும் இயங்கும் ஞாயிற்றையும் ஒரே விதியில் அமைத்த இலக்கண மரபுக்கு, நிலைப்பவரே வருகிறவரும் ஆவார் என்னும் கூற்று அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.